தீவுக்குப் போன பாடகர் குழு

"தீவுக்கு யார் யாரு வர்றீங்க?"

கேட்டுவிட்டு, பிச்சைமுத்து ஆர்மோனியத்தின் துருத்தியிலிருந்து கையை எடுத்தார். தேவாலயத்தின் பின்னறையில் அதுவரை பாடிக்கொண்டிருந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண்கள் வரிசையில் ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். எந்தத் தீவு என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கெலுகோர் கரையில் நின்றால் எதிரே பச்சையாகத் தெரியும் ஜெரெஜாக். பெருநோய்க்காரர்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். குணவதியின் புருஷன் தங்கராஜு அங்கே போய் இரண்டு வருஷமாகிறது.

"கிறிஸ்மஸ் வாரத்துல வந்து பாடச் சொல்லி ஆள் விட்டுருக்காங்க. கட்டாயம் இல்லலா. மனசு இருக்கறவங்க வரலாம்" என்றார் பிச்சைமுத்து.

"வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கே" என்று முதலில் சொன்னது அவர் மனைவி நல்லம்மாள்தான். சொன்ன கையோடு குணவதியின் பக்கம் பார்த்து, பார்த்ததற்கு வருந்தியவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் வர்றேண்ணே" என்றாள் குணவதி.

இந்தக் குழு இப்படி வாயடைத்துப்போய் உட்கார்ந்ததை அவள் பார்த்ததே இல்லை. துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்த ஒரு கூலிக்காரரின் அடக்கத்துக்கு உபதேசியாரையும் குழி வெட்டியவரையும் தவிர ஒருவரும் வரவில்லை என்று கேள்விப்பட்டு, ரயில்வே குமாஸ்தாவான பிச்சைமுத்து நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் குழிமேட்டில் போய்ப் பாடினார். அப்படித் தொடங்கியது. பிறகு ஆளில்லாத சாவு எதுவானாலும் ஆஸ்பத்திரியிலிருந்து இவர்களுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். கல்யாண வீடுகளுக்கும் போனார்கள். ஒரு வாய் காப்பிக்கு மேல் எங்கேயும் எதுவும் வாங்கியதில்லை. பெரும்போர் முடிந்த வருஷம் விஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனபோது, தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் கல்லறைத் தோட்டத்திலேயே நின்று பாடியவர்கள் இவர்கள். அன்றைக்கு யாரும் பயப்படவில்லை. பாடியவர்களில் இரண்டு பேரை அந்தக் காய்ச்சலே கொண்டுபோனது. அந்த இடங்களை நிரப்ப வந்தவர்கள்தான் குணவதியும் தங்கராஜுவும். அடுத்த வருஷம் கல்யாணம். அவர்களுடைய கல்யாணத்தில் அவர்களே பாட வேண்டியிருந்தது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள்.

தங்கராஜுவின் குரல் கனமானது. அவன் கீழ்க்குரலில் பிடித்து நின்றால் மற்றவர்கள் அதன்மேல் ஏறி நடக்கலாம் என்பார் பிச்சைமுத்து. ஒரு நாள் அவன் கொதிக்கிற கெண்டியை வெறுங்கையால் பிடித்தபடி குணவதியிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளங்கை கொப்புளித்திருந்தது. அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள்தான் டாக்டரிடம் காட்டச் சொல்லி நச்சரித்தாள். இரண்டு மாதம் தட்டிக்கழித்தவன், அவள் அழுத பிறகு போனான். போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அந்த முதல் வருஷத்தில் ஒருமுறை அவள் தீவுக்குப் போயிருந்தாள். மருந்து கட்டும் டிரஸர் உள்ளே போய்விட்டு வந்து, "வர மாட்டேங்கிறாரும்மா" என்றார். காட்டிக்கொடுத்தவள் முகத்தில் விழிக்க மனமில்லை, அதனால்தான் வரவில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அதன் பிறகு போகவில்லை. பெஞ்சில் தனக்கும் அடுத்தவளுக்கும் நடுவே விழுந்த இடைவெளியைப் பார்க்காததுபோல், வாரம் தவறாமல் ஒத்திகைக்கு மட்டும் வந்தாள்.

கிறிஸ்மஸ் வாரத்தில் படகுத்துறைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். புறப்படுகிற நேரத்தில் நல்லம்மாள் மூச்சிரைக்க வந்து சாம்பான் படகில் ஏறி உட்கார்ந்தாள். பிச்சைமுத்து ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டார். கடல் குளம்போல் கிடந்தது.

தீவில் ஒரு பெரிய மரத்தடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் சீனர்களும் மலாய்க்காரர்களும் தமிழர்களுமாகச் சலவை செய்த சட்டையோடு பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். குணவதி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். சில முகங்களில் தேட முடியவில்லை. அவன் இல்லை. பாட ஆரம்பித்தார்கள். எந்தப் பாட்டிலும் அவள் வாய் அசைந்ததே தவிர சத்தம் வந்ததா என்று அவளுக்கே தெரியாது.

பாடி முடித்ததும், உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வரிசையாக நின்றார்கள். குடிசைகளின் பக்கமிருந்து ஒருவன் மெல்ல நடந்து வந்து, இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி அந்த வரிசைக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினான். விரல்கள் மடங்கியிருந்தன. பின்கழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் பாடினார்கள். தமிழ்க் கீர்த்தனை. பொருள் தெரியாத வாய்கள் ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து உச்சரித்தன. கனமான கீழ்க்குரலை ஒரு சீனக் கிழவர் பிடித்து நின்றார். தங்கராஜு பாடவில்லை. பிச்சைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மாட்டிக்கொள்ளவில்லை.

பேச விரும்புகிறவர்கள் கயிற்றருகே வரலாம் என்று டிரஸர் சொன்னார். குணவதி போய் நின்றாள். தங்கராஜு சில அடி தள்ளியே நின்றான். காது தடித்துத் தொங்கியது. புருவம் உதிர்ந்திருந்தது. அவன் வாய் அசைந்தது, ஏதோ உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் முன்னால் சாய்ந்தாள். கடற்காற்று அதையும் கொண்டுபோனது.

"தொண்டையிலயும் எறங்கிருச்சு தங்கச்சி" என்றார் அவன் பக்கத்தில் நின்றவர். நூர் முகம்மது என்று பெயர் சொன்னார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் தோளில் காண்டாக் கம்பு தூக்கிச் சோறு விற்றவர். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். "நீங்க மொத தடவ வந்தப்பவே இப்படித்தான். பாட்டுக்காரன் இந்தச் சத்தத்தோட எப்படி வருவேன்னு உள்ளயே உக்காந்துட்டாரு. சொல்ல வேண்டியத என்கிட்ட சொல்லுவாரு. நான் ஒங்களுக்குச் சொல்றேன்."

அவனுக்குத் தன்மேல் கோபம் என்று இரண்டு வருஷமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தது ஒரே நொடியில் கரைந்துபோனது. நிம்மதி வரும் என்று அவள் நினைத்திருந்தாள். வரவில்லை.

தங்கராஜு அவர் காதருகே குனிந்தான்.

"மெலிஞ்சிட்டியாம். சரியா சாப்பிடுறியான்னு கேக்குறாரு" என்றார் நூர் முகம்மது, எல்லோருக்கும் கேட்கும்படி. அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"சாப்பிடுறேன்னு சொல்லுங்க."

"ரெண்டாவது பாட்டு சுருதி எறங்கிருச்சாம். அண்ணன்கிட்ட சொல்லச் சொல்றாரு."

பின்னால் பிச்சைமுத்து சிரிப்பதற்கு முயற்சி செய்தார்.

தங்கராஜு மறுபடியும் குனிந்தான். இந்த முறை வெகுநேரம் சொன்னான். நூர் முகம்மது கேட்டுவிட்டு மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கண்ணே."

"இத எப்படி தங்கச்சி என் வாயால..." என்று அவர் இழுத்தார். தங்கராஜு மடங்கிய விரல்களால் அவர் தோளைத் தொட்டான். "அவரு செத்துட்டாருன்னு நெனச்சுக்கணுமாம். ஒனக்கு வயசு இருக்குதாம். நல்லவனாப் பாத்துக் கட்டிக்கணுமாம். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லயாம்."

குரலை அடக்கத்தான் பார்த்தார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் பக்கம் யாரோ விம்மினார்கள். குணவதி தங்கராஜுவின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, காத்துல ஒண்ணும் காதுல விழலன்னு சொல்லுங்க" என்றாள்.

நூர் முகம்மது அதைத் திரும்பச் சொல்லவில்லை. அவனுக்கே கேட்டிருந்தது.

"அடுத்த வருசமும் வருவோம்னு சொல்லுங்க. ரெண்டாவது பாட்டச் சரியாப் பாடி வைக்கிறோம்னு சொல்லுங்க."

தங்கராஜு தலையை ஆட்டினான். சரி என்றா, வேண்டாம் என்றா என்று அவளால் சொல்ல முடியவில்லை. டிரஸர் மணியடித்தார்.

படகு கரையை விட்டபோது அவன் கையசைக்க வருவான் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் மரத்தடியில் அந்த வரிசையை மறுபடி நிறுத்திக்கொண்டிருந்தான். கடலுக்கு முதுகு. கைகள் உயர்ந்தன. பாட்டின் முதல் அடி தண்ணீர்மேல் தவழ்ந்து வந்தது. மூன்றாவது சொல்லில் தடுக்கியது. அவன் கையைத் தாழ்த்தி நிறுத்தினான். மறுபடி உயர்த்தினான். அதே அடி. அதே இடத்தில் தடுக்கல். சாம்பானில் யாரும் அசையவில்லை. துடுப்பு போடுகிறவர்கூடக் கொஞ்சம் நிதானித்தார். மறுபடியும் அந்தக் கைகள் மேலே போயின.