கழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு மாப் குச்சியில் பிறந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிறந்த இடத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஹோட்டல் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் என் தங்கை ஒரு மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, மாப்பை எடுத்து இடது கையால் பிடித்துப் பார்த்தாள். வைத்தாள். குடைக் காம்பு. அதையும் வைத்தாள். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இந்தத் தடிமன்தான்."

"எதுக்குடி?"

"நெக்குக்கு."

"அதுக்கு நான் படிக்கட்டை அறுத்துத் தரணுமா?"

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவளுக்கு இவ்வளவு போதும். அவள் கிளம்பியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் ஆரம்பம்: "தந்திகளின் மேல் அவள் விரல்கள் நடனமாடின. அப்போது அந்த"

வேண்டாம். நடனமெல்லாம் ஆடவில்லை. வலித்தது. அதுவும் விரல்கள் அல்ல, கட்டைவிரல்.

இரண்டாவது ஆரம்பம் கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரின் உடம்பிலிருந்து நீளும் கழுத்தைத்தான் வாசிப்பவர்கள் நெக் என்கிறார்கள். முன்பக்கம் நான்கு விரல்கள் கம்பியை அழுத்தும். பின்பக்கம் கட்டைவிரல் அண்டை கொடுக்கும். நெக் மெல்லியதாக இருந்தால் கட்டைவிரல் அண்டை கொடுப்பதை விட்டுவிட்டு நசுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும். [எல்லோருக்கும் இல்லை. என் தங்கைக்கு.] நிகழ்ச்சியின் கடைசி ஒரு மணி நேரத்தில் கட்டைவிரலின் அடிச்சதை கல்லாகிவிடும். கம்பியை அழுத்த வலு இருக்காது. சத்தம் மங்கும்.

* அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: மெல்லிய நெக்கை அவளேதான் ஆசைப்பட்டு வாங்கினாள். கடையில் எல்லோரும் ஸ்டூலில் உட்கார்ந்து, கிட்டாரைத் தொடையில் சாய்த்து, ஒரு பாட்டு வாசித்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு பாட்டுக்கு மெல்லிய நெக் வெண்ணெயாக இருக்கும். பிறகு வருஷக்கணக்கில் நின்றுகொண்டு வாசிப்பார்கள்.

3

குழுத்தலைவர் கீபோர்ட் வாசிப்பவர். தாளம் பிசகாதவர் என்பதால் எல்லோரும் அவரைக் 'கடிகாரம்' என்பார்கள். குழுவுக்கு ஒரு பயணிகள் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. தினமும் மாலை நிகழ்ச்சி. அவர் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை முழு ஒத்திகை. கடைசிப் பாட்டு வரை கை தாங்கினால் தங்கை கப்பலேறலாம். இல்லையென்றால் வேறு ஆள்.

என் முதல் பிரதியில் அவருக்குத் தடித்த மீசையும் ஒரு நமட்டுச் சிரிப்பும் இருந்தன. தங்கை படித்தாள்.

"மீசை எங்கேர்ந்து வந்துச்சு?"

"வில்லனுக்கு வேணும்டி."

"அவர் வில்லன் இல்லக்கா. போன தடவை நான் விட்ட நோட்டையெல்லாம் அவர்தான் இடது கையால வாசிச்சு மறைச்சாரு. கப்பல்ல தினமும் மறைச்சுட்டு இருப்பாரா?"

மீசையை எடுத்துவிட்டேன். கதையில் இப்போது திட்டுவதற்கு ஒருவரும் இல்லை. எழுதுகிறவளுக்கு இதைவிடத் தொல்லை கிடையாது.

4

வியாழக்கிழமை, கிட்டார் பட்டறை. கூட நானும் போயிருந்தேன். பழைய நெக்கைக் கழற்றிவிட்டுப் புதிய தடித்த நெக்கை மாட்டியிருந்தார் பட்டறைக்காரர். தங்கை பட்டையைத் தோளில் போட்டு, நின்றபடி வாசித்தாள். மெதுவான பாட்டு ஒழுங்காக வந்தது. வேகப் பாட்டில் விரல் எட்டாமல் தடுக்கியது.

"உலக்கை மாதிரி இருக்குன்னு சொல்லப் போறே," என்றார் பட்டறைக்காரர்.

"உலக்கை மாதிரிதான் இருக்கு."

"சின்னக் கைக்கு மெல்லிசுதான் சரின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? சரி, கொஞ்சம் சீவிடட்டுமா? ஆனா சீவினது சீவினதுதான், திரும்ப ஒட்ட முடியாது."

தங்கை என்னைப் பார்த்தாள். "அக்கா, நீ சொல்லு."

"எனக்குக் கிட்டார் தெரியாதுடி."

"கதையில மட்டும் எல்லாருக்கும் நீதானே முடிவு பண்றே?"

[இங்கே எனக்கு ஒரு நல்ல பதில் எழுத இடம் விட்டிருந்தேன். இன்னும் கிடைக்கவில்லை.]

அவள் நெக்கின் முதுகை ஒருமுறை தடவினாள். "சீவ வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"நாளைக்கு வேகப் பாட்டுல மாட்டிப்பே."

"மாட்டிக்கறேன். தடுக்கினா பழகிக்கலாம். வலிக்குப் பழக முடியல, இத்தனை வருஷமா பாத்துட்டேன்."

5

முடிவு அ: அவள் வாசித்து முடிக்கிறாள். கடிகாரத்தின் கண் கலங்குகிறது. [பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குக் கூசுகிறது.]

முடிவு ஆ: கை இறுகிவிடுகிறது. கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் தனியாக நடக்கிறாள். மழை எதற்கு? ஆட்டோ பிடித்துப் போகமாட்டாளா?

இரண்டையும் அவளிடம் போனில் படித்துக் காட்டினேன். "நான் இன்னும் வாசிக்கவே இல்ல, அதுக்குள்ள உனக்கென்ன அவசரம்?" என்று வைத்துவிட்டாள்.

6

வெள்ளிக்கிழமை. நான் ஒத்திகைக் கூடத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வேகப் பாட்டில் அவள் தடுக்கினாள், ஒரு தடவை மட்டுமல்ல. கடிகாரத்தின் புருவம் ஏறியது, இறங்கியது. அதற்குப் பிறகு தடுக்கல் இல்லை. இப்போது கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடைவெளி. சற்றுமுன் இடது கையை நெக்கிலிருந்து எடுத்தாள். உதறினாளா, முடியை ஒதுக்கினாளா? நான் சரியாகப் பார்ப்பதற்குள் கை திரும்பிவிட்டது.

முகத்தைப் பார்த்துப் பயனில்லை. வலிக்கும் சரி, வாசிக்கிற சந்தோஷத்துக்கும் சரி, அவளுக்கு ஒரே முகம்தான். இங்கிருந்து எனக்கு நான்கு விரல்கள் தெரிகின்றன. கட்டைவிரல் நெக்குக்குப் பின்னால். எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று நகர்ந்தேன். வராதே என்று தலையசைத்துவிட்டாள்.

உங்களை அவளுக்குத் தெரியாது. டிரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருக்கிறது. தரையில் ஒயர் கிடக்கும், பார்த்துக் கால் வையுங்கள். அவள் முதுகுப் பக்கம் நின்று எட்டிப் பாருங்கள். நசுக்கிப் பிடித்ததில் நகம் வெளுத்திருக்கிறதா, அல்லது விரல் சும்மா சாய்ந்துகொண்டிருக்கிறதா? அது தெரிந்தால் போதும், மிச்சத்தை நீங்களே எழுதிவிடலாம்.

போங்கள். கடிகாரம் கையைத் தூக்கிவிட்டார். ஒன், டூ, த்ரீ