அரிசிப் பையில் இருபது மீட்டர்

அரிசிப் பையைப் பார்த்ததும் கிருஷ்ணகுமார் காரை ஓரம் கட்டினார். பின்சீட்டில், கூடாரத்துக்கும் சாப்பாட்டுக் கூடைக்கும் நடுவே, ஐந்து கிலோ துணிப்பை வாய் திறந்து கிடந்தது. அதற்குள் அவருடைய ஆரஞ்சு நைலான் கயிறு, இருபது மீட்டர், அப்படியே திணிக்கப்பட்டிருந்தது.

யார் வேலை என்று கேட்கவே தேவையில்லை. புதன்கிழமை மழைக்கு மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்ட மனைவி உஷாதான் அதை எடுத்திருந்தாள். காய்ந்ததும் ஒரு நுனியைப் பைக்குள் போட்டு, பிடி பிடியாக மீதியையும் உள்ளே தள்ளிவிட்டாள். சுற்றிவைக்க நேரமில்லை.

கிருஷ்ணகுமார் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றின் ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருடமாக இருப்பவர். லோத்குண்டா வீட்டில் அவருடைய கயிறுகளுக்கென்றே ஓர் அலமாரி உண்டு. ஒவ்வொரு கயிறும் கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவே இறுக்கிச் சுற்றப்பட்டிருக்கும். நடுவில் இரட்டை முடிச்சு. அதில் நீளம் எழுதிய சீட்டு. எடுத்து உதறினாலும் ஒரு இழை நகராது என்பதில் அவருக்குப் பெருமை.

அல்வால் தாண்டும்வரை திட்டு நிற்கவில்லை. உஷா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். கூட வந்த, மாடி போர்ஷனில் குடியிருக்கும் ஆக்னஸ்தான் பேச்சை மாற்றினாள். தூத்துக்குடிப் பெண், மென்பொருள் வேலை. கூடாரத்தில் ஒருநாளாவது தங்க வேண்டும் என்று நச்சரித்து இந்தப் பயணத்தைக் கிளப்பியவளே அவள்தான்.

“குவாரியில தண்ணி பக்கம் போகாதே. நீச்சல் தெரியுமா?” என்றார் கிருஷ்ணகுமார்.

“தெரியாது சார்.”

“கடலோரத்துல பொறந்துட்டுமா?”

“கடல் அங்கேதான் கெடந்துச்சு. எனக்கு ட்யூஷனுக்கு ஓடவே நேரம் சரியா இருந்துச்சு.”

கைவிடப்பட்ட கல்குவாரி அது. ஒரு பக்கம் சரிவான பாறை, மற்ற மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவே பச்சைத் தண்ணீர். மேட்டில் கூடாரம் அடித்து முடித்தபோது மணி பத்து. டிபன் டப்பாவைக் கழுவ ஆக்னஸ் சரிவில் இறங்கினாள். நேற்றைய மழையில் பாறையின் பாசி வழுக்கலாகியிருந்தது.

சத்தம் கேட்டு இருவரும் திரும்பியபோது டப்பா மட்டும்தான் கரையில் இருந்தது.

வழுக்கி விழுந்தவள் கைகாலை அடித்துக்கொண்டதில் பக்கச் சுவரோரம் போய்விட்டிருந்தாள். பாறை விரிசலில் முளைத்திருந்த ஒரு செடியை இரு கையாலும் பிடித்திருந்தாள். கழுத்துவரை தண்ணீர். இந்தக் கரைக்கும் அவளுக்கும் பத்து மீட்டர் இருக்கும். கரையில் நின்ற இருவருக்கும் நீச்சல் தெரியாது.

“கயிறு!” என்று கிருஷ்ணகுமார் காருக்கு ஓடினார். அலமாரியிலிருந்து கொண்டுவந்திருந்த சுருள்களில் சிறந்ததாகப் பார்த்து எடுத்தார். புதியது, இருபத்தைந்து மீட்டர். முடிச்சில் நகத்தை வைத்தார். அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். சீட்டு கிழிந்தது. இரண்டாம் முடிச்சு அவிழ்வதற்குள் செடியின் வேரிலிருந்து மண் உதிர்ந்து தண்ணீரில் விழுவதை உஷா பார்த்தாள்.

ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சுருளை வீசினார். நான்கு மீட்டரில் அது கொத்தாகத் தண்ணீரில் விழுந்தது. முழங்கையில் சுற்றிய ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்காகி, முறுக்குகள் ஒன்றையொன்று கவ்வியிருந்தன. இழுத்தார். நனைந்த கயிறு மேலும் இறுகியது.

“சார், கை வழுக்குது,” என்றாள் ஆக்னஸ். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

உஷா இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலில் கால்வாசி மட்டும் விட்டு மீதியைக் கொட்டி மூடினாள். மேட்டிலிருந்து தூக்கி வந்த அரிசிப் பையிலிருந்து கயிற்றின் மேல் நுனியை எடுத்துப் பாட்டிலின் கழுத்தில் கட்டினாள்.

“அது நக்கோ, வேண்டாம் உஷா, உள்ளே சிக்கியிருக்கும்…”

“பையைப் பிடிங்க.”

அவர் பிடித்தார். அவள் பாட்டிலைக் கீழிருந்து மேலாக வீசினாள். பைக்குள்ளிருந்து கயிறு சர்ரென்று கிளம்பியது. எங்கும் நிற்கவில்லை. உள்ளே போன வரிசையிலேயே, பிடி பிடியாக, வெளியே ஓடியது. பாட்டில் ஆக்னஸின் தலைக்கு ஒரு கை தள்ளி விழுந்தது.

ஒரு கையை விட்டால்தான் எடுக்க முடியும். அவள் விடவில்லை.

“பாட்டிலப் பாரு. செடியப் பாக்காத,” என்றாள் உஷா.

வேர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. செடியோடு அவள் தண்ணீருக்குள் போனாள். கயிறு கிருஷ்ணகுமாரின் கையில் தளர்வாகவே கிடந்தது. அவர் எண்ணவில்லை, ஆனால் அது நீண்ட நேரம். பிறகு வெட்டி இழுத்தது.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். பாட்டிலைக் குழந்தைபோல் மார்போடு அணைத்தபடி ஆக்னஸ் சரிவில் வந்து மோதினாள். இருமினாள், வாந்தி எடுத்தாள், பின்பு உஷாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கிருஷ்ணகுமார் ஆரஞ்சுக் கயிற்றை எடுத்தார். பழக்கத்தில் கட்டைவிரல் நிமிர்ந்தது, முழங்கை மடங்கியது. பாதியில் நின்றார். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அரிசிப் பையின் வாயை விரித்துப் பிடித்தார்.

“ஈரமா இருக்கு. காயவெச்சப்புறம்தான் பை,” என்றாள் உஷா.

“ஹவ், சரி,” என்றார் கிருஷ்ணகுமார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார். தண்ணீர் அவர் சட்டையில் சொட்டிக்கொண்டே வந்தது.