ஓடை விட்ட இடம்

தொண்ணூற்றெட்டு ஆனி மழையில், இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில், பள்ளத்தில் வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளான பணிய லயத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசி வீட்டின் பின்சுவர் இடிந்து செல்லசாமியின் மனைவி ராசம்மா இறந்துபோனாள்.

மலையிலிருந்து இறங்கும் ஓடை முன்பெல்லாம் லயங்களுக்கு ஒதுக்கமாகப் போய் ஆற்றில் விழும். மேட்டு லயத்துக்காரர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மண் போட்டு நிரப்பி, கோவா, லீக்ஸ் என்று காய்கறி போட்டிருந்தார்கள். அதில் பெரிய பாத்தி நாகலெட்சுமியுடையது. பத்து வருடம் கூடைகூடையாக மண் சுமந்து கட்டியது.

கருமாதி முடிந்ததும் தோட்டத் தலைவர் சோலைமலை கோயிலடியில் எல்லோரையும் கூட்டினார்.

"ஓடைய பழையபடி வெட்டணும். இல்லாட்டி அடுத்த மழைக்கு லயமே போயிரும்."

"தொரைக்கிட்ட மனு குடுத்திருக்கே?" என்றார் ஒருவர்.

"பதிலு வர்ற வரைக்கும் மழை நிக்குமா?"

செல்லசாமி எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி மம்பட்டியோடு பாத்தியில் இறங்கினாள். பாதி விளைந்த கோவாவைப் பிடுங்கி எறிந்தாள். கணவன் ஆண்டியப்பன் பதறி ஓடி வந்தான்.

"கிறுக்கா புடிச்சிருச்சு? இன்னும் மூணு வாரத்துல வெட்டிரலாமே!"

"ராசம்மா எங்கூட ஒரே நிரையில கொழுந்தெடுத்தவ. நம்ம பாத்தி மறிச்ச தண்ணிதானே அவ வீட்டுக்குள்ள போச்சு?"

அவன் வீட்டுக்குப் போய், மண்ணைப் பெயர்க்க அலவாங்கை எடுத்து வந்தான். மத்தியானத்துக்குள் பக்கத்துப் பாத்திக்காரர்களும் இறங்கினார்கள். நாலு ஞாயிறு வெட்டினார்கள். கரைக்குக் கல் அடுக்கி, மண் பிடிக்க மானாப்புல் நட்டார்கள். செல்லசாமி வரவில்லை. அவரைக் கூப்பிட யாருக்கும் முகமில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பகலில் ஓடை செம்மண்ணாய்ப் பெருகி வந்தது. வளைவில் அடித்து வந்த மரமொன்று சிக்கி, தண்ணீர் கரை ஏறத் தொடங்கியது. நாகலெட்சுமியும் ஆண்டியப்பனும் இழுத்தும் அது அசையவில்லை. கீழேயிருந்து செல்லசாமி கயிற்றோடு ஏறி வந்தார். மரத்தில் முடிச்சுப் போட்டார். மூவரும் இழுத்தார்கள். மரம் புரண்டு போனது. தண்ணீர் லயத்தைத் தொடாமல் ஆற்றுப் பக்கம் இறங்கியது.

"இத முந்தியே வெட்டியிருந்தா அவ இருந்திருப்பா," என்றார் செல்லசாமி.

"ஆமாங்கண்ணே," என்றாள் நாகலெட்சுமி.

அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வளைவு பத்தாது. மழ விட்டதும் அகலமா வெட்டணும். நானும் வாறேன்."