நாற்பதாவது மில்லிமீட்டர்

ப்ராட்மியர் கவுன்சிலில் சாலைக் குழிகளை அளக்கிற உத்தியோகம் கெனத் ஹார்க்ரேவுக்கு. நாற்பது மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்தான் அது குழி. அதற்குக் குறைந்தால் சாலையின் சுபாவம். விதி அப்படி.

வெல்டன் தெருக் குழி முப்பத்தொன்பது.

எழுபத்தெட்டு வயது ஐவி ப்ளாக்ஷாவின் பேட்டரி வண்டி தெருவில் இறங்க, நடைபாதையில் ஒரே ஒரு சரிவுதான். அதன் வாயிலேயே குழி. எதிர்ச்சாரியில் முதியோர் இல்லம். மாடி ஜன்னலில் கணவர் வில்ஃப். தினமும் நாலு மணிக்கு ஐவி சரிவுவரை வருவார், கையாட்டுவார், வில்ஃபும் ஆட்டுவார், ஐவி திரும்பிவிடுவார். ஒருமுறை துணிந்து இறங்கி, சக்கரம் மாட்டி, முக்கால் மணி நேரம் அங்கேயே மழையில் மகாராணிபோல வீற்றிருந்ததுதான் மிச்சம்.

"ஒரே ஒரு மில்லிமீட்டர் கண்ணு. கண்ணை மூடிக்கிட்டு எழுதிடேன்."

"கண்ணை மூடினா அளவுகோல் தெரியாதே, மிசஸ் ப்ளாக்ஷா."

"அப்ப நானே கரண்டியால தோண்டிடவா?"

"பொதுச்சொத்தைச் சேதப்படுத்தின குத்தம் ஆயிடும். நீங்க சொன்னது என் காதுல விழலை."

அளவுகோலை எவ்வளவு அழுத்திப் பார்த்தும் அது கெனத்துக்காக மனம் இரங்கவில்லை. பக்கத்து வீட்டு ரெஜி குழியில் மண் போட்டு மூடி, மேலே டாஃபடில் பூச்செடி நட்டார். மறுநாளே பூங்காப் பிரிவிலிருந்து ஐந்து பேர் வந்து, அனுமதியில்லாத பூப்பாத்தி என்று வேரோடு எடுத்து, மன்னிப்புக் கடிதத்துடன் அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். குழி மறுபடியும் முப்பத்தொன்பது.

கெனத்தால் முடிந்தது வந்து பார்ப்பது ஒன்றுதான். பார்த்ததற்கு அடையாளமாகக் குழியைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் வளையம் போடவேண்டும். புதன்தோறும் வந்தார், பிறகு திங்களும் வந்தார். ஐவி தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பார்.

"இத்தனை தடவை வர விதி இருக்கா தம்பி?"

"வரக்கூடாதுன்னு விதி இல்லை."

வளையத்தின்மேல் வளையம். நவம்பர் பிறந்தபோது குழியின் விளிம்பு, கிறிஸ்துமஸ் கேக்கின் சர்க்கரைப் பூச்சுபோலத் தடித்து நின்றது. அந்தப் புதன்கிழமை கெனத் அளந்தார். மறுபடி அளந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு அளந்தார்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"நாற்பது, மிசஸ் ப்ளாக்ஷா. குழி வளர்ந்திருக்கு."

"குழி எங்கே வளர்ந்துச்சு? கரைதானே வளர்ந்திருக்கு!"

"விளிம்பிலேருந்து அடிவரைக்கும் ஆழம்னுதான் விதி. எந்தப் பக்கம் வளரணும்னு அதுல இல்லை."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தார் போட்டுவிட்டார்கள். ஒட்டுப்போட்ட இடம், சாலையைவிட இரண்டு மில்லிமீட்டர் மேடு. மேடு வேறு பிரிவு என்பதால் கெனத் அதைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு வில்ஃப் ஜன்னலுக்கு வந்தார். வழக்கம்போலக் கையாட்டினார். சரிவில் யாருமில்லை. கண்ணாடியில் நெற்றி பதியக் குனிந்து தெருவின் இரண்டு கோடியும் தேடினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. பின்னாலிருந்து யாரோ அவர் தோளைத் தட்டினார்கள்.

வெகுநேரம் ஜன்னலில் யாரையும் காணோம். அப்புறம் இரண்டு பேர் வந்து நின்று கீழே பார்த்துக் கையாட்டினார்கள். தெருவில் நின்ற கெனத்தும் ஆட்டினார், அளவுகோல் இருந்த கையால்.