கால்சியம் விடுபட்ட கரைசல்

கரைசல் கலக்கும்போது அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே தராசு, சுவரில் ஒட்டிய அதே பட்டியல். உப்பு, பொட்டாசியம், சர்க்கரை, மக்னீசியம், கடைசியில் கால்சியம். ஒவ்வொன்றையும் போட்டவுடன் பென்சிலால் ஒரு டிக். அந்த வெள்ளிக்கிழமை காலை மக்னீசியத்துக்கு டிக் போடும்போது மேலங்கிப் பையில் கைபேசி அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை என்றால் அது அக்காதான். வேலை முடிந்த பிறகு எடுத்துப் பார்த்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

அக்காவும் அவளும் கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இவள் சமைப்பாள், அக்கா ருசி பார்ப்பாள். கொதிக்கிற பாத்திரத்திலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, "உப்பு பத்தல" என்பாள். பகலெல்லாம் நாக்கை ஆராய்கிற இடத்தில் வேலை, வீட்டில் உப்பு பார்க்க இன்னொருத்தியா என்று அக்கம்பக்கத்தில் கேலி வேறு. ஐம்பத்தோரு வயதில் அக்கா, தான் தினமும் ஏறுகிற பேருந்தின் ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் இவளுக்கு ஆத்திரம். பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை. பெட்டியோடு வாசலில் நின்றவளிடம், "நீ போ. எனக்கு யாரும் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பதினோரு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அக்காவிடமிருந்து ஒரே கேள்வி வரும்: "சாப்பிட்டியா?" ஒன்றுக்கும் இவள் பதில் போட்டதில்லை. வீம்பு பிடித்தவள் என்று பெயர் வாங்கியவள் சும்மாவா வாங்கியிருப்பாள். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலமே அவளுக்கு அந்தக் கேள்வியின் நினைப்பு வந்துவிடும். வாரத்தில் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற ஆறையும் தள்ளினாள்.

இன்று கேள்வி இல்லை. "இனிமே கேட்டுத் தொந்தரவு பண்ணல. ஒடம்பப் பாத்துக்கோ" என்று இருந்தது. இரண்டு தடவை படித்தாள். பிறகு கைபேசியைப் பையில் போட்டு, புட்டியை மூடிக் குலுக்கி, இருட்டறைக்கு எடுத்துப் போனாள்.

இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் அடியில் எலியின் நாக்கிலிருந்து சீவிய மெல்லிய துண்டு ஒன்று. அதில் சுவைச் செல்கள் பூண்டுப் பற்கள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு குழாய் வழியாகக் கரைசல் வந்து அவற்றை நனைத்து, இன்னொரு குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். செல்லுக்குள் கால்சியம் ஏறினால் அதில் ஊறியிருக்கும் சாயம் ஒளிரும். தனக்கு ருசி தெரிந்துவிட்டது என்று செல் சொல்வது அப்படித்தான். சின்ன வெளிச்சம் பட்டாலும் படம் கெட்டுவிடும் என்பதால் அந்த அறையில் கைபேசியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது அவளே எழுதி ஒட்டிய விதி.

ஆராய்ச்சியாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயதில் பத்து குறைந்தவர், பதவியில் பல படி மேலே. ஆனாலும் இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பதினோரு மாதமாக அந்த அழைப்பு இவளுக்கு முள்ளாகக் குத்துவது அவருக்குத் தெரியாது. கசப்புச் சொட்டு போனது. திரையில் மூன்று செல்கள் பளிச்சென்று ஒளிர்ந்து அடங்கின. புளிப்புச் சொட்டு போனது. ஒன்றும் அசையவில்லை. மறுபடி புளிப்பு, செல்கள் கல்லாக உட்கார்ந்திருந்தன. துண்டு செத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மறுபடி கசப்பைக் கொடுத்தாள். ஒளிர்ந்தது, ஆனால் பாதிதான். அடுத்த தடவை அதிலும் பாதி. அதற்கடுத்த தடவை, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அவள் எழுந்துபோய்ப் பட்டியலைப் பார்த்தாள். கடைசி வரியில் டிக் இல்லை. புளிப்புச் செல்லுக்குக் கால்சியம் வெளியிலிருந்து வர வேண்டும். நனைக்கிற கரைசலில் இல்லையென்றால் அது வாயைத் திறக்காது. கசப்புச் செல் அப்படியில்லை, உள்ளே சேர்த்து வைத்ததை எடுத்து ஒளிரும். பார்க்கிறவர்களுக்கு அதற்கு யாரும் வேண்டாம் போலத்தான் தெரியும். நாலைந்து தடவை அப்படி ஒளிர்ந்தபின் உள்ளே இருப்பு தீர்ந்துவிடும்.

திரும்பி வந்து தன் தவறைச் சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை என்பதால் ஆராய்ச்சியாளருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. காலையில் எடுத்ததையெல்லாம் தள்ளிவிடலாம் என்றார். கால்சியம் போட்டு அவள் கலந்த புதுக் கரைசலைக் குழாயில் மாட்டிவிட்டு, படம் ஓடட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

"இதுங்க பிழைக்குமா?" என்று இவள் கேட்டாள்.

"ரொம்ப நேரம் ஆகலேக்கா. வெளியில கால்சியம் இருந்தா தானா எடுத்து நிரப்பிக்கும். கொஞ்சம் டைம் குடுங்க." கதவருகே நின்று, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவு மூடியதும் இருட்டில் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, பார்க்க யார் இருக்கிறார்கள்.

பையிலிருந்து கைபேசியை எடுத்து, மேலங்கிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு எழுதினாள். மன்னிப்பு என்று தொடங்கியதை அழித்தாள். நீ நல்லா இருக்கியா என்பதையும் அழித்தாள். கடைசியில், "சாப்பிடறேன். உப்பு இருக்கா இல்லையான்னு சொல்லத்தான் ஆள் இல்ல" என்று எழுதி, யோசிக்க இடம் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

கைபேசியை மேசையில் வைத்தாள். கவிழ்க்கக் கை போனது. நிறுத்தி, முகம் மேலே இருக்கும்படி விட்டாள். குழாயில் கரைசல் சொட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆனதும் புளிப்பைக் கொடுத்தாள். ஓரத்தில் இருந்த ஒரு செல் மெதுவாக ஒளிர்ந்தது. கசப்பையும் கொடுத்துப் பார்க்கலாம் என்று குழாயை மாற்றக் கை நீட்டினாள்.

சட்டென்று திரை முழுவதும் வெளுத்தது. எல்லாச் செல்களும், அவற்றுக்கு நடுவில் இருந்த வெற்றிடம்கூட, ஒரே வெள்ளையாக நின்றன. அது கால்சியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நீட்டிய கை அந்தரத்தில் இருக்க, மேசையில் அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியின் வெளிச்சத்தின் பக்கம் திரும்பாமல், கெட்டுப்போன படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.