அக்கா போன இடம்

மதியம் இரண்டரை மணிக்குக் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. லென்ஸ் பொருத்தும் மேசையில் உட்கார்ந்து, யாரோ ஒரு பெரியவருடைய மூக்குக் கண்ணாடிக்குத் திருகு போட்டுக்கொண்டே அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, பிள்ளைகளை அரை நாளோடு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய பெரிய மகளுக்கு ஒன்பது வயது, சாவி அவளிடம் இருக்கிறது. சின்னவளுக்கு நாலரை. எதிர் வீட்டு நர்ஸிடம் சொல்லியாயிற்று. "ஏதாவதுன்னா கதவத் தட்டச் சொல்லுங்கக்கா" என்று அந்தப் பெண் கொட்டாவிக்கு நடுவே சொன்னாள். இரவெல்லாம் வார்டில் நின்றவள், பகலில் தூங்கித்தானே ஆக வேண்டும்?

பெரியவளை வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் ஓர் எதிர்க்கேள்வி போடாமல் விடமாட்டாள். சின்னவள் பட்டாணி. இரண்டு பெயரும் அப்பா வைத்தது. அவர் தொலைதூர பஸ் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போனை அணைத்து வைத்துவிடுவார்.

போனைப் பட்டாணிதான் எடுத்தாள்.

"பட்டாணி, அக்காகிட்ட குடு."

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"தலைய ஆட்டாதடி, எனக்குத் தெரியாது. வாயத் திறந்து சொல்லு. அக்கா எங்க?"

"அங்க."

"அங்கன்னா எங்க?"

"இதோ, அங்கம்மா!" கையை நீட்டியிருப்பாள்.

"பாத்ரூம்லயா?"

"இல்ல. ஒரு மாமா வந்தாரு. அக்கா இல்ல."

கையிலிருந்த திருகு மேசையில் விழுந்து எங்கோ உருண்டது. "எந்த மாமா? பட்டாணி, எந்த மாமா?"

பட்டாணி போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். தொலைக்காட்சியில் ஏதோ பொம்மைக் கூட்டம் சிரிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கடைக்காரரிடம் என்ன சொல்லிவிட்டு இறங்கினாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. நர்ஸின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கணவன் போன் அணைந்திருந்தது. பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்கு நாலு நிறுத்தம் முன்னாலேயே வாசல் படிக்கு வந்து நின்றாள். வக்கீல் தெரியாதவருக்குக் கதவைத் திறக்க மாட்டாள். ஆனால் தெரிந்தவர் என்றால்? தண்ணீர் கேன் போடுகிறவன், கேபிள்காரன், மாடி வீட்டு வாடகைக்காரன்... நேற்றுவரை ஒரு குறையும் தோன்றாத முகங்களெல்லாம் வரிசையாக வந்து நின்று அவளைப் பார்த்தன.

மூன்றாவது மாடி. வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. பட்டாணி வெறுங்காலோடு லிஃப்டுக்கு முன்னால் நின்று, மூடிய கதவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்கடி?"

பட்டாணி லிஃப்டைக் காட்டினாள். "இதுக்குள்ள போனா. கதவு மூடிச்சு. அப்பறம் தொறந்துச்சு. மாமா வந்தாரு."

"அந்த மாமா அக்காவக் கூட்டிட்டுப் போனாரா?"

"இல்லம்மா." அம்மாவுக்கு ஏன் இவ்வளவு சின்ன விஷயம் புரியவில்லை என்று பட்டாணி முகத்தைச் சுளித்தாள். "அக்கா மாமாவாயிட்டா. கையில பெட்டி வெச்சிருந்தாரு. நான் மூஞ்சியப் பாத்தேன். அக்கா மாதிரியே இல்ல."

பார்சல் கொண்டு வந்தவன். அப்படியானால் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வக்கீல் தானாகத்தான் லிஃப்டில் ஏறியிருக்கிறாள். எங்கே?

"லிஃப்டு மேல போச்சா, கீழ போச்சா?"

"உள்ள போச்சு."

"சரி கண்ணு. இங்க மேல சிவப்பா நம்பர் எரியுமே, அதுல என்ன வந்துச்சு?"

பட்டாணி யோசித்தாள். இருபது வரை தடதடவென்று ஒப்பிப்பாள், ஆனால் எது எந்த எண் என்று கேட்டால் விழிப்பாள். "முட்டை" என்றாள்.

முட்டையென்றால் பூஜ்யம். பூஜ்யமென்றால் தரைத்தளம். அவள் எதிர் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டி நர்ஸை எழுப்பினாள். பட்டாணியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். கேட்டில் காவலாளி, "பாப்பா இந்தப் பக்கமே வரலம்மா, நான் எங்கயும் நகரல" என்றார். பிறகு தானாகவே, "ஒரு தடவ மோட்டார் போடப் போனேன். பத்து நிமிஷம்" என்றார். அந்தப் பத்து நிமிடம் போதும். தெருமுனை ஸ்டேஷனரிக் கடை, சைக்கிள் கடை, பூங்கா என்று ஓடினாள். ஊஞ்சலில் யாரோ இரண்டு பையன்கள் இருந்தார்கள்.

போலீசுக்குப் போக வேண்டுமானால் பெரியவளின் போட்டோ வேண்டும். அதை எடுக்க மேலே வந்தபோது நர்ஸ் வராந்தாவில் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பட்டாணி தன் துணிப் பொம்மையைச் சுவரோரம் நிறுத்தி வைத்து அதட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்கா நில்லு. கண்ணக் கொட்டாமப் பாரு. அப்பறம் பாக்கலன்னு சொல்லக் கூடாது, புரியுதா?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அது பட்டாணியின் பேச்சில்லை. அந்த அதட்டல், அந்த 'புரியுதா', எல்லாம் வக்கீலுடையது. கேட்டால் வராதது, விளையாட்டில் தானாக வந்துகொண்டிருந்தது.

தரையில் மண்டியிட்டாள். "பட்டாணி, நாம அக்கா விளையாட்டு விளையாடலாமா? நீதான் அக்கா. நான் பட்டாணி."

பட்டாணியின் முகம் மலர்ந்தது. உடனே முதுகை நிமிர்த்திக்கொண்டாள். வீட்டுக்குள் போனாள், சமையலறைக் கூடையிலிருந்து எதையோ இரண்டு கையிலும் எடுப்பதுபோல் எடுத்தாள். "இது பெரிய உருளக்கிழங்கு. இது சின்னது. நீ பால்கனில நின்னு எது மொதல்ல விழுதுன்னு பாரு. பெருசுதான் மொதல்லன்னு என் கிளாஸ்ல ஒருத்தி சொல்றா, நான் இல்லங்கறேன்." லிஃப்டுக்கு வந்து எட்டிப் பொத்தானை அழுத்துவதுபோல் நடித்தாள். "அம்மா போன் பண்ணா மொட்ட மாடின்னு சொல்லு."

நர்ஸ் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"மொட்ட மாடியா?" என்றாள் அம்மா. "ஏண்டி, இத ஏன் நீ சொல்லவே இல்ல?"

பட்டாணி உண்மையிலேயே திகைத்துப் போனாள். "உனக்குத் தெரியாதா?"

"முட்டைன்னியே!"

"ஒரு முட்டைக்கு மேல இன்னொரு முட்டை" என்று காற்றில் விரலால் போட்டுக் காட்டினாள். எட்டு.

எட்டாவது மாடி வரை லிஃப்ட், அதற்கு மேல் படி. அந்த இரும்புக் கதவு காற்றுக்கு அடித்துச் சாத்திக்கொள்ளும். மொட்டை மாடிப் பக்கத்துக் கைப்பிடி உடைந்து மூன்று மாதமாகிறது, சாத்திக்கொண்டால் அங்கிருந்து திறக்க முடியாது. எல்லாருக்கும் தெரியும், யாரும் மாற்றவில்லை. தோளால் மோதித் தள்ளித் திறந்தாள்.

வக்கீல் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் செக்கச்சிவந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. சூட்டுக்குப் பயந்து கால்களை மடக்கி வைத்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் அழவில்லை, கோபப்பட்டாள். தொண்டை கட்டிப்போன குரலில் முதலில் கேட்டது: "பட்டாணி சொல்லலையா?"

அம்மாவின் கை தானாக உயர்ந்தது. அந்தக் கையாலேயே பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். "வீட்ட விட்டு வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இது வெளிய இல்லம்மா. வீட்டுக்கு மேல."

"வாய மூடு."

"ரெண்டு மணி நேரமா கத்தினேன். ரெண்டு கெழங்கையும் போட்டுட்டேன். கீழ தகரக் கூரையில சத்தம் கேட்டுச்சு. எது மொதல்லன்னு தெரியல. அவள பால்கனில நிக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன். நிக்கவே இல்லம்மா அவ!" அதைச் சொல்லும்போதுதான் உதடு துடித்தது. பிறகு அழுகை நிற்கவேயில்லை.

கீழே நர்ஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள், ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். "தப்பு என் பேர்லதான்கா, அப்படியே அசந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒன்பது வயதுக்காரியைப் பாதிப் பெரிய மனுஷியாக நினைத்துச் சாவியைக் கொடுத்தவள் தான்தான் என்பது அம்மாவுக்கு உறைத்துக்கொண்டிருந்தது. வக்கீலும் அதே தப்பைத்தான் செய்திருந்தாள். தங்கையைக் கொஞ்சம் குட்டையான வக்கீலாக நினைத்துக்கொண்டு வேலை கொடுத்துவிட்டாள்.

தெம்பு வந்ததும் வக்கீல் விசாரணையைத் தொடங்கினாள். "நான் சொன்னத ஏண்டி அம்மாகிட்ட சொல்லல?"

பட்டாணி அக்காவின் மூக்கையும் காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ மாமாவாயிட்ட. நான் லிஃப்டாண்டயே நின்னேன். திரும்பி வருவேன்னு."

வக்கீல் வாயைத் திறந்தாள், கேலி செய்யத்தான். ஆனால் செய்யவில்லை. தங்கையை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தாள். "நெஜமாவே அப்படி நெனச்சியா?"

"ம்."

"அம்மா, நான் சின்னதா இருக்கும்போது இப்படியெல்லாம் நெனப்பேனா?"

"நிலா நம்ம பஸ் பின்னாடியே வருதுன்னு சண்டை போடுவ. அப்பா வேகமா ஓட்டினா அது பாவம்னு அழுவ."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். "எனக்கு ஞாபகமே இல்லையே" என்றாள். பயந்த மாதிரி இருந்தது அவள் குரல்.

ஐந்து மணி ஆகியும் அம்மாவுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. காவலாளியைக் கூப்பிட்டு, இன்றைக்கே கொல்லனை வரவழைத்துக் கைப்பிடி போடாவிட்டால் கதவையே கழற்றிவிடுவேன் என்றாள். கடைக்காரருக்குப் போன் செய்து இரண்டு நாள் விடுப்புக் கேட்டாள். அலமாரியைத் திறந்து மூடினாள். என்னவோ இன்னும் பாக்கியிருப்பதுபோல மனம் அரித்துக்கொண்டே இருந்தது. இந்தக் குட்டித் தலைக்குள் தனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவு இருக்கிறதோ?

பட்டாணியைத் தூக்கி மேசை மேல் உட்கார வைத்தாள். "கண்ணு, அம்மாவுக்குத் தெரியும்னு நீ நெனைக்கறது வேற என்னல்லாம் இருக்கு?"

கேள்வி பட்டாணிக்குப் புரியவில்லை. வக்கீல்தான் குறுக்கே வந்து மாற்றிப் போட்டாள். "உனக்கு எங்கயாச்சும் வலிக்குதாடி?"

"பல்லு" என்றாள் பட்டாணி, மழை பெய்கிறது என்பதுபோல.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கு. நீல சட்டை போட்டேனே."

நீலச் சட்டை திங்கட்கிழமை. இன்று வெள்ளி. "ஐயோ, ஏண்டி சொல்லல?"

"எப்பவும் வலிக்குதேம்மா" என்றாள் பட்டாணி. இவ்வளவு வலிக்கிற ஒன்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் எப்படிப் போகும் என்கிற மாதிரி.

வக்கீல் டார்ச்சைப் பிடித்தாள். கடைவாய்ப் பல்லில் கருப்பாக ஒரு குழி, அதைச் சுற்றி ஈறு வீங்கியிருந்தது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். பல் டாக்டர் ஆறரை வரைதான் இருப்பார். தெருவில் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு பேரும் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்தார்கள்.

"டாக்டர் கேட்டா கையக் காட்டாத" என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தாள் வக்கீல். "வாயால சொல்லணும். அவருக்குத் தெரியாது."

"டாக்டருக்குமா?" என்றாள் பட்டாணி. நம்பவே முடியவில்லை அவளுக்கு.