ஒரு நூல் உயரம்

கல்யாணமான நாளிலிருந்து அவள் தட்டைச் செருப்புதான் போட்டாள். இருவரும் ஒரே உயரம். கணவனைவிட ஒரு நூல்கூட உயர்ந்துவிடக் கூடாதென்று அவளுக்குள் ஒரு பிடிவாதம். நாளெல்லாம் வகுப்பில் நின்று பாடம் நடத்தும் அவளுக்கு இப்போது குதிகாலை ஊன்றினாலே உயிர் போனது. பின்பக்கம் சற்று உயர்ந்த, மெத்தென்ற செருப்பு போடச் சொன்னார் மருத்துவர்.

கடையில் அதை மாட்டி எழுந்தாள். அப்பாடா என்றிருந்தது. கண்ணாடியைப் பார்த்ததும் கழற்ற மறுபடி உட்கார்ந்தாள்.

“ஏன், கடிக்குதா?” என்றான் கணவன்.

“இல்லைங்க, உங்களைவிட உயரமாத் தெரியறேன்.”

“அடிப்பாவி, இதுக்கா இத்தனை நாளா நொண்டினே? எழுந்திரு. என் உச்சியில வழுக்கை விழுந்திருக்கான்னு பார்த்துச் சொல்லு.”

எழுந்து நின்று பார்த்தாள். “நல்லாவே விழுந்திருக்கு.”

பழைய செருப்பைப் பையில் போடச் சொல்லிவிட்டு, சிரித்தபடி புதியதோடே நடந்தாள்.